ஆகஸ்ட் பதினைந்து வரைக்கும்

தொண்ணூற்று மூன்றாம் வருடம் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நியமன உத்தரவில் உடற்கல்வி ஆசிரியர் என்று இருந்தது. பிள்ளைகளிலிருந்து பியூன் வரைக்கும் எல்லோருக்கும் நான் பி.டி. சார். விசில் ஊதுவது, பந்துக்குக் காற்றடிப்பது, தாமதமாக வருகிறவர்களை கேட்டில் மடக்குவது ஆகியவை தினப்படி வேலை. வருடத்தில் இரண்டு நாள் மட்டும் வேறு யாரும் தொடாத ஒரு வேலை எனக்கு இருந்தது. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் கொடியை மடித்து, உள்ளே ரோஜா இதழ்களை வைத்து, கயிற்றில் கட்டிக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவேன். ஏற்றும்போது முடிச்சு அவிழக் கூடாது. கீழே நிற்கிற பெரிய மனிதர் ஒரே ஒரு இழுப்பு இழுத்ததும் அவிழாமல் இருக்கவும் கூடாது. அதற்கென்று ஒரு முடிச்சு உண்டு. அதைப் போட நடுங்காத விரல்கள் வேண்டும்.

என் விரல்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டு நாளும் மதுக்கடைக்கு விடுமுறை. குடிக்காதவர்கள் இதை ஒரு பெரிய செய்தியாகப் பேசுவார்கள். குடிக்கிறவனுக்கு அது ஒரு செய்தியே அல்ல. முந்தின நாள் வாங்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. கடை தனியார் கையில் இருந்தபோதும் சரி, பிறகு அரசாங்கமே எடுத்துக்கொண்டபோதும் சரி, முந்தின நாள் சாயங்காலம் அங்கே நிற்கிற கூட்டம் தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸுக்குக்கூட நிற்காது. எல்லோர் கையிலும் மஞ்சள் பை. எல்லோர் பார்வையும் எதிர்ச் சுவரில். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால், "மச்சான் வர்றாருப்பா, அவருக்கு" என்று ஒரு பதில். அந்த வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் மச்சான்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பதின்மூன்று வருடத்தில் ஒரு சுதந்திர தினத்தன்றுகூட நான் கடைப் பக்கம் போனதில்லை. அதனால் அந்தக் கதவு மூடியிருந்து நான் பார்த்ததும் இல்லை. என் கணக்கில் ஆகஸ்ட் பதினைந்து என்பது பத்து மணிக்கெல்லாம் பள்ளி முடிந்து, மதியத்திலிருந்து நிம்மதியாகக் குடிக்கிற நாள்.

எனக்குக் கூட்டாளி எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர். நல்ல மனிதர். காந்தி படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். காந்தி ஜெயந்திக்கு முந்தின நாள் அவரும் மஞ்சள் பையோடு வரிசையில் நிற்பார்.

ஒரு குடியரசு தினம் காலையில் என் முடிச்சு இறுகிக்கொண்டது. முந்தின நாள் வாங்கியதில் மறுநாளுக்கு என்று ஒதுக்கியதையும் சேர்த்தே முடித்திருந்தேன். காலையில் கயிற்றைப் பிடித்த விரல்கள் ஆளுக்கொரு திசையில் போயின. ஏதோ ஒரு முடிச்சைப் போட்டு ஏற்றிவிட்டேன். தலைமை ஆசிரியர் சிரித்த முகத்தோடு இழுத்தார். அவிழவில்லை. சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு பல்லைக் கடித்து இன்னொரு தரம் இழுத்தார். பாட்டுக்கு நின்ற பிள்ளைகள் சைகை கிடைத்துவிட்டது என்று நினைத்து ஜன கண மன ஆரம்பித்துவிட்டார்கள். எண்ணூறு பேர் அட்டென்ஷனில் நின்று, உச்சியில் தலையணை உறை மாதிரித் தொங்கிய ஒரு மூட்டையைப் பார்த்து முழுப் பாட்டையும் பாடி முடித்தார்கள். எட்டாம் வகுப்பு வரிசையில் என் மகள் நின்றிருந்தாள். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

என் மனைவி விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் திண்டிவனத்திலிருந்து போய்வந்துகொண்டிருந்தாள். கத்துகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. வார்டில் நோயாளியிடம் ஊசி போடுவதற்கு முன் சொல்வாளே, அந்தக் குரலில்தான் வீட்டிலும் பேசுவாள். மகள் சொல்லித் தெரிந்துகொண்டாள். சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இனிமே குடிச்சீங்கன்னா நானும் பொண்ணும் விழுப்புரத்துல தனியா வூடு பார்த்துக்கினு போயிடுவோம். நான் மிரட்டல. சொல்லிட்டுச் செய்யலாமேன்னு சொல்றேன்" என்றாள்.

ஊசி சுருக்கென்று இறங்கியது. பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒலக்கூர்ப் பக்கம் வயல்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு முனீஸ்வரன் கோவிலுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனாள். குடியை நிறுத்த அங்கே கயிறு கட்டுவார்கள். குளித்துவிட்டுப் போக வேண்டும். எலுமிச்சம்பழமும் சூடமும் கொண்டுபோக வேண்டும். சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ததும், பூசாரி வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றைக் கட்டிவிடுவார். கயிறு கையில் இருக்கிறபோது தொட்டால் ரத்தம் கக்கிச் சாவான் என்பது நம்பிக்கை. கெடு முடிந்ததும் அவரே அவிழ்க்க வேண்டும்.

பூசாரி நோட்டைத் திறந்தார். "எது வரைக்கும் சார்? நாள் சொல்லணும். சும்மா இனிமே தொட மாட்டேன்னு சொல்றவனுக்கு நான் கட்டறதில்ல. அவன் ரோட்டைத் தாண்டறதுக்குள்ள கடையில நிக்கறான்."

"ஆயுசுக்கும்னு சொல்லுங்க" என்று மனைவி காதருகே சொன்னாள்.

பூசாரியின் பேனா காத்திருந்தது. சூடம் எரிந்துகொண்டிருந்தது. ஆயுசுக்குத் தேதி கிடையாது. பி.டி. மாஸ்டருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்த தேதிகள் இரண்டுதான். ஒன்று போன மாதம் மானத்தை வாங்கிவிட்டுப் போயிருந்தது. மற்றதைச் சொன்னேன்.

"ஆகஸ்ட் பதினைஞ்சு."

பூசாரி எழுதிக்கொண்டார். வரும்போது பஸ்ஸில் மனைவி ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் வழியே கரும்பைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அந்த ஆறு மாதம் நான் குடிக்கவில்லை. இதில் என்னுடைய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. கயிற்றுக்கு இருந்த மரியாதை அப்படி. கல்யாண வீட்டு மாடியில் டம்ளர் வரிசையாக வரும். என் மணிக்கட்டைப் பார்த்ததும் அடுத்த ஆளுக்குத் தாண்டிவிடும். "சாருக்கு ஊத்தாதபா, கயிறு கட்டிக்கினுகீறாரு" என்று ஒருவர் சொன்னால், ஊற்றுகிறவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்வார். கயிறு இல்லாதவன் வேண்டாம் என்று சொன்னால் இவர்கள் விடுவார்களா? என்ன பெரிய மனுஷனா நீ, எங்களோட குடிக்க மாட்டியா என்று வாயைப் பிளந்து ஊற்றுவார்கள். நானே அப்படி எத்தனை பேருக்கு ஊற்றியிருக்கிறேன். எனக்குப் பதிலாகக் கயிறு பேசிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலை தின்றேன், எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மிச்சத்தைப் பொட்டலமாகக் கட்டி மகளுக்குக் கொண்டுபோனேன். ஜூன் மாதத்துக்குள் நான்கு கிலோ ஏறிவிட்டேன்.

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி மைதானத்தில் அணிவகுப்பு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. டிராயிங் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"யோவ், நாளன்னிக்குக் கயிறு அவுக்கற இல்ல? கடை லீவுய்யா அன்னிக்கு."

விசிலை ஊதப்போனவன் ஊதாமல் நின்றுவிட்டேன். பிள்ளைகள் நிற்கச் சொல்லாததால் சுவர் வரைக்கும் நடந்து போனார்கள்.

வருடத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது. அதில் கடை மூடுகிற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றைத் தேடிப்பிடித்துக் குடிக்கத் தொடங்குகிற நாளாகச் சத்தியம் செய்து வந்திருக்கிறேன். முந்தின நாளே வாங்கி வைக்கலாம் என்றால் கையில் கயிறு. வாங்குவதும் தொடுவதுதானே.

"பேஜாராப் பூடாத. உனுக்கும் சேத்து நானே வாங்கி வெச்சிடறேன்" என்றார் டிராயிங் மாஸ்டர். அவர் முகத்தில் ஒரு தியாகியின் களை இருந்தது.

சுதந்திர தினம் காலை ஆறு மணிக்கே பள்ளிக்குப் போய்விட்டேன். இதழ்களை வைத்து மடித்தேன். முடிச்சைப் போட்டேன். விரல்கள் சொன்னபடி கேட்டன. எட்டரைக்குத் தலைமை ஆசிரியர் ஜனவரியை மறக்காத முகத்தோடு கயிற்றைப் பிடித்தார். இழுத்துக்கூட முடிக்கவில்லை, கொடி விரிந்து இதழ்கள் அவர் வழுக்கையில் கொட்டின. பிள்ளைகள் கை தட்டினார்கள். மகள் இந்தத் தரம் மேலே பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்தாலும், மிட்டாய் கொடுத்து முடித்ததும் டிராயிங் மாஸ்டரின் மொபெட்டில் ஏறினேன். பெருமை ஒரு பக்கம், தாகம் ஒரு பக்கம். அவர் கலர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரச் சொன்னார். போகும் வழியெல்லாம் உள்ளே இரண்டு பாட்டில்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு வந்தன.

கோவில் வாசலில் புளியமரத்தடியில் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பஸ் டிரைவர், தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர், மல்லாட்டை வியாபாரி ஒருவர். மூன்று பேர் மணிக்கட்டிலும் கறுப்புக் கயிறு. மூன்று பேருக்கும் ஆகஸ்ட் பதினைந்து. நாள் சொல்லு என்று பூசாரி கேட்டபோது அவர்களுக்கும் அதுதான் வாயில் வந்திருக்கிறது. கடை லீவு என்பது மூன்று பேருக்கும் நேற்றுத்தான் உறைத்திருக்கிறது. என்னைப் போல் புத்திசாலிகள் ஜில்லாவில் நிறைய இருந்தார்கள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

பூசாரி இல்லை. கிராம சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். சுதந்திர தினத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் அது நடக்கும். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

காத்திருந்தோம். மடியில் இருந்த கலர் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் நான் அதை இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றினால் மூன்று பேர் கண்ணும் கூடவே மாறியது.

பூசாரி பன்னிரண்டரைக்கு வந்தார். குடிதண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை போட்டுவிட்டு வந்ததால் தொண்டை கட்டியிருந்தது. நோட்டைப் பிரித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"அவுக்கணுமா, மாத்திக் கட்டணுமா?"

டிரைவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "பொங்கல் வரைக்கும் கட்டிடு சாமி. வூட்ல கொஞ்சம் அமைதியா கீது" என்றார். கிளார்க்கும் வியாபாரியும் அவிழ்த்துக்கொண்டார்கள். நானும் அவிழ்க்கச் சொன்னேன். குடிக்க வேண்டும் என்றுதான் அவிழ்க்கச் சொன்னேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. பூசாரி அரிவாள்மணையில் கயிற்றை வைத்து அறுத்தார். வெயிலில் கறுத்த என் கையில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்து, குழந்தையின் கை மாதிரித் தெரிந்தது.

மரத்துக்குப் பின்னால் டிராயிங் மாஸ்டர் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் தயாராக வைத்திருந்தார். முதல் டம்ளரை எனக்குத்தான் ஊற்றினார். ஆறு மாதம் கழித்து அந்த வாசனை வந்தது. வாயில் எச்சில் ஊறியதை மறைக்கவில்லை. டம்ளரை வாங்கக் கை நீட்டினேன். நீட்டிய கை ஆடாமல் நின்றது. காலையில் முடிச்சுப் போட்ட கை. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. முனீஸ்வரனிடம் பயம் இல்லை; அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். இதைக் குடித்தால் இந்தக் கை போய்விடும் என்ற பயம். எனக்கு அந்தக் கை வேண்டியிருந்தது.

"வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னாது?"

"வேணாம்யா."

"கயிறுதான் அவுத்தாச்சே?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. கயிறு இருந்தவரைக்கும் நான் ஒருதரம்கூட இந்த வார்த்தையைச் சொல்ல வேண்டி வந்ததில்லை. அவர் என் முகத்தையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊற்றியதைக் கீழே கொட்டுகிற வம்சத்தில் அவர் பிறக்கவில்லை. கிளார்க்குக்கும் வியாபாரிக்கும் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு, மிச்சம் முழுவதையும் என் பொருட்டு அவரே தீர்த்தார்.

பிறகு மொபெட்டை நான் ஓட்ட வேண்டியிருந்தது. அவர் பின்னால் உட்கார்ந்து, என் முதுகில் தலையை வைத்துக்கொண்டு, தேசபக்திப் பாடல்களை மெட்டு மாற்றிப் பாடியபடி வந்தார். அவர் வீட்டு வாசலில் இறக்கினேன். அவர் மனைவி வெளியே வந்தார். பதின்மூன்று வருடமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் அந்த வாசலில் வந்து இறங்கினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

"ஆறு மாசம் ஒழுங்கா இருந்தீங்களேன்னு பார்த்தா, கயிறை அவுத்த ஜோருல ஆரமிச்சிட்டீங்களா? வெக்கமாயில்ல?"

"நான் குடிக்கலம்மா."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

குடித்துவிட்டு அந்த வாசலில் எத்தனையோ நாள் தப்பித்திருக்கிறேன். குடிக்காத அன்றைக்குத்தான் முழு அர்ச்சனையும் கிடைத்தது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. உள்ளே போய் விழுப்புரத்தில் டியூட்டியில் இருந்த என் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார். ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது. "உங்க வூட்டுக்காரரு ஆரமிச்சிட்டாரும்மா."

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன், ஏதோ நின்றால் சீக்கிரம் போய்விடுவது போல. ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. வெள்ளைச் சீருடையில், கையில் நோயாளிகளின் அட்டைகளோடு வந்தாள்.

"நான் குடிக்கல" என்றேன்.

"கையை நீட்டுங்க" என்றாள்.

இரண்டு கையையும் நீட்டினேன். வாயை முகர்ந்து பார்க்கவில்லை. கண்ணை விரித்துப் பார்க்கவில்லை. மணிக்கட்டில் வெளுத்திருந்த தடத்தையும் விரல் நுனிகளையும் அவசரமில்லாமல் பார்த்தாள். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் என்னைப் புது நோயாளி என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்.

"சரி" என்றாள். "நாளைக்குக் காலையில ஆறரைக்குப் பால் காய்ச்சறேன். வூடு பார்த்து முடிச்சிட்டேன். ஸ்டேஷன் பக்கத்துல, மாடியில."

"நான்தான் குடிக்கலையே!"

"இன்னிக்குக் குடிக்கல. ஆயுசுக்கும்னு சொல்லுங்கன்னேன். நீங்க திரும்பக் குடிக்கப் போற நாளைச் சொன்னீங்க. அந்த நாளுக்கு நான் ரெடியாயிட்டேன்." அதே ஊசிக் குரல். பிறகு அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "வர்றதுன்னா வாங்க. கயிறு கட்டிக்கினு மட்டும் வராதீங்க. எனக்கு முனீஸ்வரன் வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் ஜென்மத்தில் முதல் தரமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறான், அதற்கு இதுவா பரிசு என்று. திண்டிவனம் திரும்புகிற வழியில் கோபம் மயிலம் தாண்டும் வரைதான் தாங்கியது. பிப்ரவரியில் பஸ் ஜன்னலில் அவள் கரும்பைப் பார்த்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. அழுகையும் வந்தது. நின்றுகொண்டிருந்ததால் கம்பியைப் பிடித்த கையில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அன்று இரவு மனைவி விழுப்புரத்திலேயே தங்கிவிட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் மகளும் போனோம். அடுப்பை நான்தான் மாடிக்குத் தூக்கினேன். காலி அறையில் சாமி படம் ஒன்று, பால் பாத்திரம் ஒன்று, கடையில் ஒட்டிய சீட்டுகூடக் கிழிக்காத புது எவர்சில்வர் டம்ளர்கள் மூன்று. நான் எண்ணிவிட்டு மனைவியைப் பார்த்தேன்.

"மூணாவது யாருக்கு?"

"கீழ் வூட்டுக்காரம்மாவுக்கு" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

பால் பொங்கியது. மகள் குலவை போடத் தெரியாமல் ஏதோ ஒரு சத்தம் போட்டாள். மனைவி இரண்டு டம்ளரில் ஊற்றினாள். கீழ் வீட்டு அம்மா வரவில்லை. அவருக்குச் சொல்லவே இல்லை என்று பிறகு மகள் மூலம் தெரிந்தது. மனைவி மூன்றாவது டம்ளரிலும் ஊற்றி, ஆற்றி, என் பக்கம் நீட்டினாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். நான் சொல்லாமல் குடித்தேன்.